எழுநூறு கப்பல்களின் விலை

‘சிவக்கும் வரைபடம்’: ரோமின் விரிவும் வியூக விளையாட்டுகளும் – பகுதி 5

இதுவரை: பிர்ரஸ் மன்னனின் படையெடுப்பைத் தாங்கி நின்ற ரோம், கி.மு. 272-இல் டரென்டம் நகரைப் பணியவைத்து, இத்தாலியத் தீபகற்பத்தின் நகரங்களைத் தனித்தனி ஒப்பந்தங்களால் தன்னோடு பிணைத்துக்கொண்டது. கி.மு. 264-இல் மெஸ்ஸானாவைப் பிடித்து வைத்திருந்த மாமர்டைன் கூலிப்படையினரின் அழைப்பை ஏற்றுக் கான்சல் அப்பியஸ் கிளாடியஸ் நீரிணையைக் கடக்க, கார்த்தேஜுடன் போர் மூண்டது. அடுத்த ஆண்டு சிராக்யூஸின் மன்னர் ஹியரோ ரோமின் பக்கம் வந்தார். நீண்ட முற்றுகைக்குப் பின் அக்ரிஜென்டம் வீழ்ந்தது.

*

அக்ரிஜென்டத்தின் வீழ்ச்சிக்குப் பின் சிசிலியின் உள்நாட்டு நகரங்கள் ஒவ்வொன்றாக ரோமிடம் வந்து சேர்ந்தன. ஆனால் கரையோர நகரங்களோ கார்த்தேஜின் கப்பல்களுக்கு அஞ்சி அதன் பக்கமே சாய்ந்தன. கார்த்தேஜின் கப்பற்படை இத்தாலியின் கரையோர ஊர்களை விருப்பம்போல் சூறையாடிக்கொண்டிருக்க, ஆப்பிரிக்கக் கரைக்கு ஒரு கீறலும் விழவில்லை. தரையில் வென்றுகொண்டே இருந்தும் போரை முடிக்க முடியாத நிலையில் ரோம் நின்றது.

போர் முடிந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், ரோமின் நோக்கமே மாறிய தருணம் என்று அக்ரிஜென்டத்தின் வீழ்ச்சியைத்தான் குறிக்கிறார். மெஸ்ஸானாவைக் காப்பாற்றுவதற்காகத் தொடங்கிய போரை, கார்த்தேஜைச் சிசிலியிலிருந்தே அப்புறப்படுத்தும் போராகச் செனட் எண்ணத் தொடங்கியது இப்போதுதான் என்பது அவர் கருத்து.

இந்த இடம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ரோம் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியிலேயே பேரரசாக வளர்ந்தது என்று 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் மொம்சனின் வழிவந்தோர் வாதிட்டனர். போர் வெற்றியே பதவிக்கும் புகழுக்கும் வழியாக இருந்த சமூகம் ஆண்டுதோறும் போரைத் தேடிச் சென்றது என்று வில்லியம் ஹாரிஸ் 1979-இல் வெளியிட்ட நூலில் மறுத்தார். நடுவர் எவரும் இல்லாத மத்தியதரைக் கடல் உலகில் எல்லா அரசுகளுமே அவ்வாறுதான் இருந்தன என்று ஆர்தர் எக்ஸ்டைன் 2006-இல் பதிலளித்தார். வியூக விளையாட்டுகளில் பெரும்பாலானவை, பெயர் சொல்லாமலேயே, எக்ஸ்டைன் காட்டும் உலகைத்தான் கட்டமைக்கின்றன: ஒவ்வோர் அரசும் ஆயுதம் தேடுகிறது, வளராத அரசு விழுங்கப்படுகிறது.

ஆயினும் விளையாட்டில் ஒன்று விடுபட்டுப்போகிறது. ஆட்டக்காரர் முதல் நகர்விலேயே உலகை வெல்ல நினைத்துத்தான் அமர்கிறார். போரின் நடுவே, பெற்ற ஒரு வெற்றியின் விளைவாகவே, ஆசை பெரிதாகும் தருணம் அங்கு இல்லை. அக்ரிஜென்டத்தின் செய்தி வந்துசேர்ந்த நாளில் ரோமின் செனட்டில் நிகழ்ந்தது அதுவே.

இரவல் படகுகள்

2013-இல் வெளிவந்த ‘டோட்டல் வார்: ரோம் II’ விளையாட்டில், கரையில் நிற்கும் படையைக் கடலை நோக்கி நகர்த்தினால் அப்படை தானாகவே போக்குவரத்துக் கப்பல்களில் ஏறிக்கொள்கிறது, கப்பல் எங்கிருந்து வந்தது, யாருடையது என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. கி.மு. 272-இல் தொடங்கும் அந்த ஆட்டத்தில், எட்டே ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த மெஸ்ஸானாக் கடப்பு ஒரு சொடுக்கில் முடிந்துவிடும்.

அப்பியஸ் கிளாடியஸிடம் அத்தகைய வசதி இருக்கவில்லை. டரென்டம், லோக்ரி, எலியா, நேப்பிள்ஸ் ஆகிய கிரேக்கக் கூட்டாளி நகரங்களிடமிருந்து இரவல் வாங்கிய, ஐம்பது துடுப்புகள் கொண்ட படகுகளிலும் ட்ரைரீம் எனப்படும் மூவரிசைத் துடுப்புக் கப்பல்களிலுமே அவருடைய வீரர்கள் நீரிணையைக் கடந்தனர் என்று பொலிபியஸ் தெளிவாக எழுதுகிறார். ரோமர்கள் கடலையே அறியாதவர்கள் என்று அவர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கப்பற்படைக்கென இரு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் கி.மு. 311-இலேயே அங்கு தொடங்கியிருந்தது. ஆனால் பெரும் கடற்படை ஒன்றை எதிர்த்து நிற்கத்தக்க கப்பல்கள் அவர்களிடம் இல்லை என்பது உண்மை.

அந்த நாள்களின் போர்க்கப்பல் குவின்குவிரீம் எனப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த துடுப்புகளின் ஒவ்வொரு தொகுதிக்கும் ஐந்து பேர் வீதம் துடுப்பு வலித்த பெருங்கப்பல் அது. அதன் அணியத்தில், நீர்மட்டத்தில், வெண்கலத்தில் வார்த்த முட்டுமுனை பொருத்தப்பட்டிருக்கும். எதிரிக் கப்பலின் விலாவில் அதை மோதிப் பிளப்பதே கடற்போரின் தலையாய உத்தி. அதற்கு வேகமும், திரும்பும் திறனும், ஒரே தாளத்தில் இயங்கும் நூற்றுக்கணக்கான கைகளும் தேவைப்பட்டன. கார்த்தேஜின் மாலுமிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த திறன் அது.

கி.மு. 261-க்கும் 260-க்கும் இடையில் ரோம் 100 குவின்குவிரீம்களையும் 20 ட்ரைரீம்களையும் கட்ட முடிவெடுத்தது. மரம் வெட்டிய நாளிலிருந்து அறுபது நாளில் படை கடலில் இறங்கியதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிக்கிறார். நீரிணைக் கடப்பின்போது தரைதட்டி ரோமர் கையில் சிக்கிய கார்த்தேஜியக் கப்பல் ஒன்றே இவை அனைத்துக்கும் மாதிரியாக அமைந்தது என்பது பொலிபியஸின் கூற்று.

இதை நெடுங்காலம் கட்டுக்கதையாகவே பலர் கருதினர். ஆனால் 1971-இல் சிசிலியின் மார்சாலா அருகே கடலடியில் கடல் அகழாய்வாளர் ஹானர் ஃபிராஸ்ட் ஆய்வு செய்த கார்த்தேஜியக் கப்பலின் பலகைகளில், கட்டியவர்கள் தீட்டிய பியூனிக் (கார்த்தேஜிய) எழுத்துகளும் குறிகளும் காணப்பட்டன. எந்தப் பலகை எங்கே பொருந்த வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து, துண்டுகளைத் தனித்தனியே செய்து பின்னர் இணைத்திருக்கிறார்கள். இவ்வாறு கட்டிய கப்பல் ஒன்று கையில் சிக்கினால், அதைப் பிரித்துப் பார்த்து நூறு படிகள் எடுப்பது தச்சர்களுக்கு எட்டாத காரியமன்று.

துடுப்பு வலித்தவர் யார்?

கப்பலைவிடக் கடினமானது அதை இயக்கும் ஆள்களைத் திரட்டுவது. பொலிபியஸ் தரும் கணக்கில் குவின்குவிரீம் ஒன்றுக்கு 300 மாலுமிகள் தேவை. முதல் நூறு கப்பல்களுக்கே முப்பதாயிரம் பேர்.

கப்பல்கள் கட்டி முடிவதற்குள் அவர்களுக்குக் கரையிலேயே பயிற்சி தொடங்கியது. கப்பலில் இருக்கும் ஒழுங்கிலேயே தரையில் விசிப்பலகைகள் போடப்பட்டன. நடுவே தாளம் சொல்பவர் நின்றார். அவருடைய குரலுக்கு ஏற்ப எல்லோரும் ஒருசேரப் பின்னால் சாய்ந்து கைகளை இழுத்து, மீண்டும் முன்னால் குனிந்து கைகளை நீட்டினர். நீரே இல்லாத இடத்தில், உடம்புகளுக்குத் தாளத்தை மட்டும் பழக்கிய பயிற்சி அது. கப்பல்கள் இறங்கியவுடன் சிறிது காலம் கடலில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் படை புறப்பட்டது.

இந்த ஆயிரக்கணக்கானோர் எங்கிருந்து வந்தனர் என்பதே இப்பகுதியின் மையக் கேள்வி. இத்தாலியின் கூட்டாளி நகரங்களிடம் ரோம் வரியாகப் பணம் வாங்கவில்லை, ஆள்களையே வாங்கியது. ஒவ்வொரு நகரமும் ஒப்பந்தப்படி படைக்கு எத்தனை பேரைத் தர வேண்டும் என்ற பதிவேடு இருந்தது. கடலோரக் கிரேக்க நகரங்கள் வீரர்களுக்குப் பதிலாகக் கப்பலும் மாலுமிகளும் தரக் கடமைப்பட்டிருந்தன. இவர்களோடு, லீஜியன் எனும் தரைப்படைப் பிரிவில் சேரத் தேவையான சொத்து இல்லாத ரோமின் ஏழைக் குடிமக்களும் துடுப்புக்கு வந்தனர்.

கி.மு. 225-இல் ரோமும் கூட்டாளிகளும் சேர்ந்து திரட்டக்கூடிய ஆள்பலம் 7,00,000 காலாட்படையினர், 70,000 குதிரைப்படையினர் என்று பொலிபியஸ் பட்டியலிடுகிறார். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரோமர் அல்லர். ரோமைப் பற்றிய வியூக விளையாட்டு எதிலும் ‘மேன்பவர்’ என்று திரையின் மூலையில் ஓடும் எண்ணைப் பார்க்கும்போது, அதன் பின்னால் நிற்பது இந்தப் பட்டியல்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எண்ணின் அளவை விளையாட்டுகள் நன்றாகவே காட்டுகின்றன. அது யாருடையது என்பதைக் காட்டுவதில்தான் தடுமாறுகின்றன. 2004-இல் வந்த ‘ரோம்: டோட்டல் வார்’ விளையாட்டில் ஒரு படைப்பிரிவைத் திரட்டினால் அந்நகரின் மக்கள்தொகையிலிருந்து அத்தனை பேர் குறைவார்கள், நேர்மையான கணக்கு அது. ஆனால் நகரம் ஆட்டக்காரரின் சொந்த நகரமாகவே இருக்கும். தனக்கென மன்றமும் சட்டமும் கொண்டு, கடமைக்காக மட்டும் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் கூட்டாளி நகரம் அங்கு கிடையாது. 2019-இல் வெளியான ‘இம்பரேட்டர்: ரோம்’, பின்னர் வந்த பெரும் திருத்தத்தில், உரிமை அளித்து இணைத்துக்கொண்ட இனங்களிடமிருந்தே படை திரளும் என்று விதி வகுத்து உண்மையை இன்னும் நெருங்கியது. எனினும் ரோமின் ஏற்பாட்டின் உயிர்நாடி, உரிமை முழுவதையும் கொடுக்காமலே ஆள்களைப் பெற்றதில் இருந்தது.

அதன் கசப்பு வெளிப்பட்ட தருணமும் உண்டு. கி.மு. 259-இல், கப்பற்படைக்காக ரோமில் கூட்டப்பட்டிருந்த கூட்டாளி மாலுமிகள் 4,000 பேர், 3,000 அடிமைகளோடு சேர்ந்து நகருக்கு எதிராகச் சதி செய்ததாகவும், அது முன்கூட்டியே வெளிப்பட்டு ஒடுக்கப்பட்டதாகவும் பிற்காலத்து வரலாற்றாசிரியர் ஒரோசியஸ் பதிவு செய்திருக்கிறார். அடுத்து நாம் காணவிருக்கும் மைலே கடற்போர் வெற்றியின் ஆரவாரம் அடங்குமுன் நிகழ்ந்தது இது. வெற்றித் தூண்களைப் பற்றி எழுதும் நூல்கள் இந்தச் சிறு குறிப்பைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகின்றன. கடந்துபோகத்தக்க செய்தி அன்று இது.

மைலே, கி.மு. 260

தொடக்கம் அவமானமாகவே அமைந்தது. கான்சல் கார்னீலியஸ் ஸ்கிப்பியோ 17 கப்பல்களோடு லிபாராத் தீவுக்குச் சென்று, அங்கேயே கார்த்தேஜியரிடம் சிறைப்பட்டார். எஞ்சிய படையின் பொறுப்பு, தரைப்படையுடன் இருந்த மற்றொரு கான்சல் கயஸ் டுயிலியஸின் கைக்கு வந்தது.

ஓட்டத்திலும் திருப்பத்திலும் எதிரிக்கு ஈடுகொடுக்க முடியாது என்பது ரோமர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே கடற்போரின் தன்மையையே மாற்றும் கருவி ஒன்று அணியத்தில் நிறுவப்பட்டது. 24 அடி உயரக் கம்பம். அதைச் சுற்றி எப்பக்கமும் திருப்பத்தக்கதாய், 36 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட பலகைப் பாலம். இரு பக்கமும் முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர். பாலத்தின் நுனியில், உலக்கை போன்று கீழ்நோக்கிய கூரான இரும்பு. கயிற்றைத் தளர்த்தினால் பாலம் எதிரிக் கப்பலின் தளத்தில் விழ, இரும்பு பலகையைத் துளைத்துப் பிடித்துக்கொள்ளும். ‘காகம்’ என்று அழைக்கப்பட்ட இக்கருவியின் வழியே ரோமின் காலாட்படை எதிரியின் தளத்துக்கு நடந்தே சென்றது.

மைலே முனைக்கு அருகில் கார்த்தேஜியர் 130 கப்பல்களோடு வந்தனர். எதிரியை எளிதாக எண்ணி, அணிவகுப்பைக்கூட ஒழுங்குபடுத்தாமல் நேரே பாய்ந்தனர். அணியங்களில் தொங்கிய விந்தையான கருவிகளைக் கண்டு ஒரு கணம் தயங்கினாலும் நிற்கவில்லை. முதலில் மோதிய முப்பது கப்பல்களும் பிடிபட்டன. அவற்றுள் ஒன்று தளபதியின் தலைமைக் கப்பல், ஒருகாலத்தில் பிர்ரஸுக்குச் சொந்தமாயிருந்தது அது. தளபதி ஹன்னிபால் சிறு படகில் தப்பினார். (பிற்காலத்தில் ஆல்ப்ஸைக் கடந்த ஹன்னிபால் வேறொருவர், கார்த்தேஜில் இப்பெயர் மிகுதி.) பின்வந்தவை சுற்றிவளைத்துத் தாக்க முயன்றும் பயனின்றி, மொத்தம் 50 கப்பல்களை இழந்து பின்வாங்கின.

எதிரிக் கப்பல்களின் முட்டுமுனைகளைப் பதித்த தூண் ஒன்று டுயிலியஸின் நினைவாக ரோமின் பொதுமன்றத்தில் எழுப்பப்பட்டது.

‘ரோம்: டோட்டல் வார்’ இந்தக் கருவியைச் சுமந்த கப்பலை ரோமருக்குரிய தனிப் படைப்பிரிவாகவே தருகிறது. ஆயினும் அவ்விளையாட்டில் கடற்போரைக் கண்ணால் பார்க்க வழியில்லை. எண்களை ஒப்பிட்டு முடிவைக் கணினியே அறிவித்துவிடும். தரையில் யானையின் பாய்ச்சல் வரை காட்டிய படைப்பு, முதல் பியூனிக் போர் எனப்படும் இப்போர் உண்மையில் தீர்மானிக்கப்பட்ட இடத்தில் திரையை மூடிவிட்டது வருத்தத்துக்குரியது.

கமரினாவின் கரையில்

அடுத்த ஐந்து ஆண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். கி.மு. 256-இல் எக்னோமஸ் முனைக்கு அப்பால் ரோமின் 330 கப்பல்கள், 350 கப்பல்கள் கொண்ட கார்த்தேஜியப் படையை முறியடித்தன. பொலிபியஸின் எண்களை ஏற்றால் இரு தரப்பிலுமாக ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் ஒரே நாளில் கடலில் மோதினர். எண்கள் மிகை என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. வழி திறந்தது, கான்சல் ரெகுலஸ் ஆப்பிரிக்காவில் இறங்கினார், அமைதி கேட்ட கார்த்தேஜுக்கு ஏற்கவே முடியாத நிபந்தனைகளை விதித்தார், ஸ்பார்ட்டா வீரர் ஸாந்திப்பஸ் பயிற்றிய படையிடம் கி.மு. 255-இல் தோற்றுச் சிறைப்பட்டார்.

எஞ்சிய வீரர்களை மீட்க ஒரு பெரும் கப்பற்படை சென்றது. வழியில் வெற்றியும் பெற்றது. வீரர்களை ஏற்றிக்கொண்டு திரும்பவும் தொடங்கியது. இங்கே நிதானிக்க வேண்டும்.

சிசிலியின் தெற்குக் கரையை ஒட்டிச் செல்ல வேண்டாம் என்று வழிகாட்டி மாலுமிகள் கான்சல்களை மன்றாடினர். அக்கரை பாறைகள் நிறைந்தது, ஒதுங்க இடமில்லாதது, விண்மீன்களின் தோற்றத்தைக் கொண்டு அவர்கள் கணித்த ஆபத்தான காலமும் அதுவே. கான்சல்களோ, பெற்ற வெற்றியைக் காட்டிக் கரையோர நகரங்களை மிரட்டிப் பணியவைக்கும் எண்ணத்தில், அந்த அறிவுரையைத் தள்ளிவிட்டனர்.

கமரினாவை நெருங்கியபோது புயல் அடித்தது. 364 கப்பல்களில் தப்பியவை 80. எஞ்சியவை மூழ்கின, அல்லது பாறைகளில் மோதிச் சிதறின. கரை நெடுகிலும் உடல்களும் மரத்துண்டுகளும் ஒதுங்கின. கப்பலுக்கு 300 பேர் என்று கொண்டால் இறந்தோர் எண்பதாயிரத்தைத் தாண்டுவர். வழியில் பெற்ற வெற்றியில் கைப்பற்றிய கப்பல்களில் ஆள்கள் குறைவாகவே இருந்திருப்பர் என்பதால் தொகை அதனினும் குறைந்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் பழங்காலக் கடல் கண்ட பேரழிவுகளில் இதற்கு நிகரானவை மிகச் சிலவே. அணியத்தில் தூக்கிவைத்த பாலத்தின் கனம் கப்பல்களைத் தள்ளாடவைத்தது என்று சில ஆய்வாளர் கருதுகின்றனர். எக்னோமஸுக்குப் பின் அக்கருவி பொலிபியஸின் பக்கங்களிலிருந்து மறைந்துவிடுகிறது.

ரோமர் எல்லாவற்றையும் வலிமையால் சாதிக்க நினைப்பவர்கள், மனிதர்களுக்கு எதிராக அது பலித்தாலும் கடலோடும் காற்றோடும் மோதும்போது பலிப்பதில்லை என்று பொலிபியஸ் இவ்விடத்தில் கதையை நிறுத்திக் கருத்துரைக்கிறார். 1991-இல் வந்த ‘சிவிலைசேஷன்’ விளையாட்டில் கரையை விட்டு விலகி நகர்வை முடிக்கும் ட்ரைரீம் காணாமல் போய்விடக்கூடும் என்ற எளிய விதி இருந்தது. எத்தனையோ நுட்பமான பிற்கால விளையாட்டுகளைவிட, கடலுக்குத் தனி விருப்பம் உண்டு என்பதை அந்த ஒற்றை விதி நன்றாக உணர்த்தியது.

கருவூலம் காலியான பின்

ரோம் நிற்கவில்லை. மூன்றே மாதங்களில் 220 கப்பல்களைக் கட்டியது. கி.மு. 253-இல் மற்றொரு புயலில் 150-க்கும் மேற்பட்டவற்றை இழந்தது. கி.மு. 249-இல் டிரெபானா துறைமுகத்துக்கு எதிரே கான்சல் பப்ளியஸ் கிளாடியஸ் புல்கர் 93 கப்பல்களைக் கார்த்தேஜிடம் பறிகொடுத்தார். நற்குறி பார்க்கும் கோழிகள் தீனி கொத்த மறுத்ததால் சினந்து அவற்றைக் கடலில் எறிந்தார் என்ற புகழ்பெற்ற கதையைச் சிசரோ சொல்கிறார். பொலிபியஸ் அதைச் சொல்லவில்லை. அதே ஆண்டு மற்றொரு கான்சலின் படை முழுவதும் புயலில் அழிந்தது.

குடிமக்கள் கணக்கெடுப்பு உண்மையைச் சொல்லும். கி.மு. 250-ஐ ஒட்டி ஏறத்தாழ 2,97,000 ஆக இருந்த ஆண் குடிமக்களின் தொகை, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 2,41,000 ஆகக் குறைந்திருந்தது. கூட்டாளிகளின் இழப்பு இதில் சேராது. அதை எண்ணி வைத்தவர் எவருமில்லை.

கடலைக் கைவிடுவதென்று செனட் முடிவெடுத்தது. அடுத்த ஏழு ஆண்டுகள் சிசிலியின் மேற்கு மூலையில், லிலிபேயத்தின் மதில்களைச் சுற்றியும், இளம் தளபதி ஹமில்கார் பார்கா பிடித்துக்கொண்ட மலைகளைச் சுற்றியும் போர் தேங்கி நின்றது.

கார்த்தேஜும் களைத்திருந்தது. எகிப்தின் மன்னர் தாலமியிடம் 2,000 தாலந்து வெள்ளி கடன் கேட்டது. இருவருக்கும் நண்பன் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார் என்று பிற்கால வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். ரோமின் கருவூலத்திலும் ஒன்றும் இல்லை.

கி.மு. 242-இல் போரின் போக்கைத் திருப்பிய முடிவு போர்க்களத்தில் எடுக்கப்பட்டதன்று. நகரின் செல்வந்தர் தாமாக முன்வந்தனர்: வசதிக்கேற்ப ஒருவரோ, இருவரோ, மூவரோ சேர்ந்து ஒரு குவின்குவிரீமுக்குரிய செலவை ஏற்பது, போர் வெற்றியாக முடிந்தால் மட்டும் அரசு அதைத் திருப்பித் தருவது, தோற்றால் பணம் போனது போனதுதான். இந்த ஏற்பாட்டில் 200 கப்பல்கள் எழுந்தன. இம்முறை மாதிரியாக வைக்கப்பட்டது, லிலிபேயத்தின் முற்றுகையைப் பலமுறை ஊடுருவிச் சென்று இறுதியில் பிடிபட்ட, ‘ரோடியன்’ எனப்பட்ட இன்னொரு ஹன்னிபாலின் விரைவுக் கப்பல்.

வரைபடத்தை நிறமாக்கும் கணினி விளையாட்டுகளில் இதற்கு இடமில்லை. அங்கே கருவூலம் என்பது ஒரே எண். அது சுழியத்துக்குக் கீழே இறங்கினால் அரசு தள்ளாடும். ஆனால் 1990-இல் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்ட ‘தி ரிபப்ளிக் ஆஃப் ரோம்’ என்ற பலகை விளையாட்டு இதைப் புரிந்துகொண்டு கட்டப்பட்டது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் செனட்டின் ஒரு கட்சி. கருவூலம் எல்லோருக்கும் பொது. செனட்டர்களிடம் தனிப்பட்ட செல்வமும் உண்டு. முதல் பியூனிக் போர் அட்டை மேசையில் விழுந்தால் முதலில் கடலில் வென்றாக வேண்டும். அதற்குக் கப்பல் வேண்டும். கப்பலுக்குப் பணம் வேண்டும். தன் பணத்தைப் பொதுக் கருவூலத்துக்குக் கொடுக்கும் செனட்டருக்குச் செல்வாக்கு உயரும். கொடுக்காமல் எல்லோரும் பதுக்கினால் ரோம் வீழ்ந்து எல்லோரும் தோற்பர். கப்பல் கட்டும் குத்தகையால் ஆதாயம் பெறுபவரும் அதே மேசையில்தான் இருப்பார். நாட்டுப்பற்றும் தன்னலமும் பிரிக்க முடியாதவாறு பின்னிய கி.மு. 242-இன் ரோமை, படைகள் ஓடும் எந்தத் திரையையும்விட இந்த அட்டைகள் உண்மையாகக் காட்டுகின்றன.

மார்ச் 10, கி.மு. 241

கான்சல் கயஸ் லுட்டேஷியஸ் கட்டுலஸ், எதிரிக் கப்பற்படை இல்லாத நேரம் பார்த்து டிரெபானாவின் துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டு, மாலுமிகளுக்கு நாள்தோறும் பயிற்சி கொடுத்துக் காத்திருந்தார். ரோம் கடலை விட்டுவிட்டது என்று நம்பிய கார்த்தேஜ் தன் படையைக் கவனிக்காமல் விட்டிருந்தது. அவசரமாகத் திரட்டிய, பழக்கமற்ற மாலுமிகளுடன், ஹமில்காருக்கான தானியச் சுமையோடு, தளபதி ஹன்னோவின் கப்பல்கள் ஏகேட்ஸ் தீவுகளை நோக்கிப் பாய்விரித்து வந்தன.

காற்று எதிரிக்குச் சாதகமாக இருந்தது, கடல் கொந்தளித்தது. பொறுத்தால் சுமை இறங்கிய கப்பல்களோடும், ஹமில்காரின் தேர்ந்த வீரர்களோடும் மோத நேரும். கட்டுலஸ் காற்றை எதிர்த்தே புறப்பட ஆணையிட்டார். கார்த்தேஜின் 50 கப்பல்கள் மூழ்கின, 70 பிடிபட்டன. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் துடுப்பைத் தரையில் பழகியவர்களின் அடுத்த தலைமுறை, கடலோடிகளைக் கடல்திறனாலேயே வென்றது. காகப்பாலம் எதுவும் தேவைப்படவில்லை.

அந்தப் போர்க்களம் இன்று கையால் தொடத்தக்கதாக மேலே வந்துகொண்டிருக்கிறது. சிசிலியின் கடல் தொல்லியல் துறையும் ஆர்.பி.எம். நாட்டிகல் அறக்கட்டளையும் 2005 முதல் நடத்திவரும் ஆய்வில், அத்தீவுகளின் கடலடியிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட வெண்கல முட்டுமுனைகள் கிடைத்துள்ளன. அவற்றுள் பலவற்றில், வார்ப்பைச் சோதித்து ஏற்றுக்கொண்ட குவேஸ்டர் எனும் நிதி அதிகாரியின் பெயர் இலத்தீனில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றில் பாஆல் தெய்வத்தை அழைக்கும் பியூனிக் வாசகம் உண்டு. முனைகளின் அளவோ எதிர்பார்த்ததைவிடச் சிறியது. பொலிபியஸ் பேசும் பெருங்கப்பல்களோடு சிறிய கப்பல்களும் மிகுதியாகப் பங்கேற்றிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ரோமப் பெயர் பொறித்த சில கப்பல்கள் டிரெபானாவில் பறிபோய்க் கார்த்தேஜுக்காகப் போரிட்டவையாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

கார்த்தேஜ் சிசிலியை விட்டு வெளியேறவும், பத்து ஆண்டுகளில் 3,200 தாலந்து செலுத்தவும் ஒப்புக்கொண்டது. போர் முழுவதிலும் ரோம் இழந்தவை ஏறத்தாழ 700 கப்பல்கள், கார்த்தேஜ் இழந்தவை ஏறத்தாழ 500 என்று பொலிபியஸ் கணக்கை முடிக்கிறார். அதிகம் இழந்தவரே வென்றார்.

*

வென்ற நிலத்தை என்ன செய்வது என்பது ரோமுக்கே புதிராக இருந்தது. விளையாட்டில் சிசிலி உடனே ரோமின் நிறம் பெற்று, அடுத்த நகர்விலேயே வரியும் வீரர்களும் தரத் தொடங்கும். உண்மையில் ஹியரோவின் அரசு தனித்தே நின்றது. மெஸ்ஸானா கூட்டாளியாகவே நீடித்தது. எஞ்சிய பகுதியை ஆள ஆண்டுதோறும் ஓர் அதிகாரியைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு கி.மு. 227-இல்தான் வந்தது. இத்தாலி ஆள்களைக் கொடுத்தது. சிசிலியோ விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் நிலமாயிற்று. கூட்டாளிகளின் தலைமையாக இருந்த ரோம், குடிகளை ஆளும் அரசாக மாறத் தொடங்கிய இடம் இது.

அதற்குள் ஆப்பிரிக்காவில் தீ மூண்டிருந்தது. கூலி கிடைக்காத கூலிப்படையினர் கார்த்தேஜுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். சார்டீனியாத் தீவில் இருந்த படையினரும் அவர்களைப் பின்பற்றி, தீவை ஏற்றுக்கொள்ளுமாறு ரோமை அழைத்தனர். செனட் மறுத்தது. கார்த்தேஜுக்கு உணவுப் பொருள் கொண்டுசெல்லத் தன் வணிகர்களுக்கு அனுமதியும் அளித்தது. ஒப்பந்தத்தை மதித்த நடத்தை அது.

சில ஆண்டுகளுக்குள் அதே அழைப்பு இரண்டாம் முறை வந்தபோது, செனட் அதை ஏற்றுக் கப்பல்களைத் தயார்செய்தது. எதிர்ப்புத் தெரிவித்த கார்த்தேஜின்மீது போர் அறிவித்து, தீவோடு மேலும் 1,200 தாலந்தையும் பறித்துக்கொண்டது. ரோமின்பால் பெருமதிப்புக் கொண்ட பொலிபியஸாலேயே இதற்கு நியாயம் கற்பிக்க முடியவில்லை. முதல் அழைப்புக்கும் இரண்டாம் அழைப்புக்கும் இடையில் ரோமில் மாறியது எது?

(தொடரும்)